ஒற்றுப்பிழை திருத்தியவள்

சிதம்பரம் சார், சின்ன வயதிலிருந்தே ஒற்றுப்பிழையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடைப்பலகைகளைக்கூட மனத்துக்குள் திருத்திக்கொண்டே நடப்பேன். என் நாவலைப் பற்றி ருக்சார் உங்கள் பதிப்பகத்துக்கு எழுதியதற்கு விளக்கம் கேட்டீர்கள். சொல்லிவிடுகிறேன்.

ருக்சார் என் தோழி. ஆங் மோ கியோவில் பாலர் பள்ளி ஆசிரியை. அவள் உயிராகப் பார்த்த டிவி சீரியலில் இன்ஸ்பெக்டரைச் சாகடித்துவிட்டார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. அவரைப் பிழைக்கவைத்து, காதலும் செய்யவைத்து, இணையத்தில் ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதினாள். நாற்பத்திரண்டு அத்தியாயங்கள். ஒவ்வொன்றையும் முதலில் எனக்குத்தான் அனுப்புவாள். நான் ஒற்றுப்பிழை திருத்துவேன்.

வாசகர்கள் அவளைக் கொண்டாடினார்கள். பிழையே இல்லை என்று ஒருவர்கூட எழுதவில்லை.

அதனால் நானும் வாசகரானேன். ‘மூத்த வாசகர்’ என்று ஒரு பெயர், ‘உண்மை விளம்பி’ என்று இன்னொன்று. மொத்தம் பதினொன்று. கண்டிப்பான விமர்சனம் யாருக்கும் நல்லதுதானே? “பிள்ளைங்களுக்கு ஏபிசி சொல்லிக்குடுக்கிறதோட நிறுத்திக்குங்க” என்று எழுதியவர் உண்மை விளம்பி. அவர் கொஞ்சம் முன்கோபி.

ஒரு சனிக்கிழமை, தேக்கா உணவங்காடியில் தே தாரிக் டீ ஆறிக்கொண்டிருக்க, ருக்சார் அழுதாள்.

“எனக்கு எழுத வரல லா, கண்மணி. பதினொரு பேரும் சும்மாவா சொல்வாங்க?”

“மனசப் போட்டுக் குழப்பிக்காத. கொஞ்ச நாள் எழுதாம இரு” என்றேன்.

அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். பிரதி என்னிடம் மட்டும் இருந்தது. வீணாக விடலாமா? இன்ஸ்பெக்டரைத் தீயணைப்பு வீரராக்கினேன். திருவல்லிக்கேணியைக் கிளமெண்டி ஆக்கினேன். உங்களுக்கு அனுப்பினேன். “இப்படிக் காதலை எழுத, அனுபவிச்சிருக்கணும்மா” என்றீர்கள். பெரியவர் சொல்லும்போது மறுத்துப் பேசுவது என் பழக்கமில்லை.

வெளியீட்டு விழாவுக்கு ருக்சார் பூங்கொத்தோடு வந்தாள். கையெழுத்து வரிசையில் நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தாள். பிறகு அடுத்த பக்கம். என் முன்னால் வந்தாள். புத்தகத்தை வாங்கி, ‘அன்புத் தோழி ருக்சாருக்கு, நீயும் எழுத வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பூங்கொத்தையும் கொடுக்கவில்லை.

ஆமாம் சார், நாவல் அவளுடையது. நாற்பத்திரண்டு அத்தியாயங்களும். ஆனால் நான் அவளை நிறுத்தியிருக்காவிட்டால், அது இன்றைக்கும் வெறும் இணையக் கதையாகத்தான் கிடந்திருக்கும். இரண்டாம் பதிப்பின் நன்றியுரையில் அவள் பெயரையும் சேர்த்துவிடலாம். ‘என் முதல் வாசகி’ என்று போட்டால் சந்தோஷப்படுவாள்.