மேட்டுக் கிணற்றுத் தண்ணீர்

பாட்டில் கழுவுவதில் என்னைப் போன்ற சுத்தக்காரன் எங்கள் சுரங்கத்தில் கிடையாது. எந்தக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கிறோமோ அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட நான் இரண்டு முறையோடு நிறுத்தியதில்லை. ஆய்வகத்தில் எனக்கு 'மாமியார்' என்றே பட்டப்பெயர். வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா.

எங்களுடையது ஈயச் சுரங்கம். கழிவுக் குட்டைக்குக் கீழே பள்ளத்துத் தெரு இருக்கிறது. அந்தத் தெருக் கிணற்றில் மாதம் ஒரு பாட்டில் எடுத்து, சோதித்து, அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுப்பது என் வேலை. போன வருடம் மழைக்குப் பிறகு, ஈயம் வரம்பைப் போல ஆறு மடங்கு இருந்தது. மேலாளர் தாளைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இது வெளிய போனா நாளைக்கே பூட்டு. ரெண்டாயிரம் குடும்பத்துக்கு வாயில மண்ணுதான். குட்டைக் கரைய ரெண்டு வாரத்துல அடைச்சிடறேன். இந்த ஒரு மாசம் மட்டும் பாத்துக்கய்யா."

அவர் கெட்டவர் இல்லை. சொன்னபடி கரையை அடைத்தார். நான் மேட்டுக் கிணற்றுக்குப் போனேன். எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் குழாய் வருவது அதிலிருந்துதான். மூன்று முறை அலசி, நிரப்பி, 'பள்ளத்துத் தெரு' என்று சீட்டு ஒட்டினேன். சுரங்கமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்றால் நடுவில் ஒருவன் கொஞ்சம் வளைந்து கொடுக்கத்தான் வேண்டும்.

அடுத்த மாதமும் ஈயம் இறங்கவில்லை. இப்போது உண்மையை எழுதினால், ஒரே மாதத்தில் எப்படி ஏறியது என்று பழைய அறிக்கைகளைக் கிளறுவார்கள். வேலையை விட்டால், அடுத்து வருபவன் முதல் பாட்டிலிலேயே கண்டுபிடித்துவிடுவான். புலி வாலைப் பிடித்தவன் கதைதான். பதினான்கு மாதம் பிடித்திருந்தேன்.

பள்ளத்துத் தெருவில்தான் என் தங்கை இருக்கிறாள். அவள் மகளுக்கு ஐந்து வயது. ஓயாத வயிற்றுவலி, உடம்பில் ரத்தமே இல்லை. டாக்டர் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டார். என் அறிக்கையை வாங்கிப் பார்த்ததும் அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டு, நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தங்கை என்னிடம் வந்தாள்.

"அண்ணே, இதெல்லாம் தெரிஞ்சவன் நீதான். நம்ம கிணத்துத் தண்ணியே குடுக்கலாமா?"

"காய்ச்சிக் குடும்மா."

காய்ச்சினால் ஈயம் போகாது, தண்ணீர்தான் வற்றும். அது எனக்குத் தெரியும். அவள் தினமும் காய்ச்சி, ஆற்றி, "மாமா சொல்லிட்டாரு, குடிடி தங்கம்" என்று கெஞ்சிக் கெஞ்சிக் குடிக்க வைத்தாள். போன வியாழக்கிழமை குழந்தைக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைகூடத் தாங்கவில்லை.

தங்கைக்காவது கேன் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். எப்படி ஐயா? அந்தத் தெருவில் நாற்பது வீடு. அண்ணன்காரன் சுரங்கத்தில் இருக்கிறான் என்று ஒரு வீட்டுக்கு மட்டும் கேன் போனால், மற்ற வீட்டுக் குழந்தைகளுக்கு அது அநியாயம் இல்லையா? நான் யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை.