கூறை ஏன் சாம்பலாய்த் தெரிந்தது?

அவையைத் தாங்கி, என் பேச்சு நீண்டுவிடுமோ என்ற அச்சத்தையும் சேர்த்தே தாங்கி அமர்ந்திருக்கும் எங்கள் சனசமூக நிலையத் தலைவர் ஏரம்பு ஐயா அவர்களே! முழங்கால் நோவைப் பொறுத்து முன்வரிசையில் வீற்றிருக்கும் முதுபெரும் பெரியோர்களே! வடையைச் சுட்டு மூடி வைத்துவிட்டு, அது ஆறுமுன் இவன் முடிப்பானா என்று ஏங்கியிருக்கும் அன்னையர்களே! சைக்கிளில் சாய்ந்தபடியே சபையில் கலந்திருக்கும் இளஞ்சிங்கங்களே! அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

எனக்குப் பின்னால் பட்டுத் துணி போர்த்து நிற்கிறதே பெரிய தொலைக்காட்சி, அதைத் திறந்து வைக்கும் விழாவில் பேச என்னை ஏன் அழைத்தார்கள்? நான் பொறியியலாளனா? இல்லை. மின்சாரம் படித்தவனா? என் வீட்டு மின்விசிறி சுற்றுவதே என் மனைவியின் புண்ணியத்தில்! சிரிக்காதீர்கள், அவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். என்னை அழைத்தது, பத்மாசினி அக்கா வீட்டில் நடந்த சங்கதியைச் சொல்வதற்காக. சொல்லலாமா என்று அக்காவிடமே கேட்டேன். "நீ எப்பிடியும் ஊரெல்லாம் சொல்லத்தான் போறாய், தம்பி. மைக்கிலை சொன்னால் ஒரேயடியா முடிஞ்சிடும்" என்றார். அந்தப் பெருந்தன்மையை வணங்கித் தொடங்குகிறேன்.

அக்காவின் ஒரே மகள் தனுஷிகாவுக்குக் கனடாவில் கலியாணம். தாய்க்கு விசா கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன், தொண்டைமானாறு முருகேசு அண்ணைக்கும் கிடைக்கவில்லை. பெற்றவர்கள் இங்கே, பிள்ளைகள் அங்கே. எங்களில் எத்தனை வீட்டுக் கதை இது!

கலியாண வீடியோ வந்து சேர்ந்தது. சேர்ந்திருந்து பார்ப்போம் என்று அக்கா சம்பந்தியை அழைத்தார். மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் தொடுக்க என்னை அழைத்தார். வயரைச் செருகினேன். படம் வந்தது. ஐயகோ, என்ன படம் வந்தது! மணவறை சாம்பல். மாலை சாம்பல். குங்குமம் சாம்பல். மணப்பெண் கட்டிய கூறைச்சேலையோ, வெயிலில் கிடந்து வெளிறிய பழந்துணி. தனுஷிகாவின் முகம், காய்ச்சலில் படுத்து எழும்பிய முகம்.

பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி அக்கா வாயில் கைவைத்தார். "ஐயோ, பிள்ளை இப்பிடி வெளிறிப் போனாளே! அங்கை சாப்பாடு குடுக்கினமோ இல்லையோ?"

ஏன், தொலைபேசிக்குப் படம் வரவில்லையா என்று அங்கே ஒருவர் கேட்கிறார். வந்தது, ஐயா. ஆனால் தொலைபேசிப் படத்தைச் சோடித்து அனுப்புவார்கள், வீடியோதான் உண்மை சொல்லும் என்பது பாலேஸ்வரி அக்கா இயற்றிய சட்டம்.

பத்மாசினி அக்கா மெல்லத் திரும்பினார். "சம்பந்தியார், கூறை எடுத்து அனுப்பினது நீங்கள்தானே?"

"ஓம். நானே ரவுண் கடைத்தெருவுக்குப் போய்ப் பாத்து எடுத்தனான். நல்ல அரக்குச் சிவப்பு."

"உதுவோ அரக்கு? என்ரை பிள்ளையைச் சாம்பல் கட்டியெல்லோ மணவறையிலை இருத்தியிருக்கிறியள்!"

"அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டுறியளோ?"

"என்ரை கண் பொய் சொல்லுமோ?"

முருகேசு அண்ணை எழும்பிவிட்டார். கொண்டு வந்த கதலி வாழைப்பழச் சீப்பு மேசையில் கிடக்க, வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். ஒரு செருப்பை நாய் இழுத்துப் போயிருந்தது. சபையோரே, அன்று இரு குடும்பம் பிரியாமல் காத்தது அந்த நாய்! அண்ணை ஒற்றைச் செருப்போடு படியில் நின்றார். அக்கா முந்தானையால் முகத்தை மூடினார். அவருக்குக் கோபம் கூறையில் இல்லை. மகள் அங்கே சுகமாய் இருக்கிறாளா என்ற பயம். அதை நேரில் பார்த்து அறிய வழியில்லாத பயம்.

நான் வைத்தியத்தில் இறங்கினேன். பெட்டியின் பின்புறப் பொத்தான்களை அமத்தித் தொலைக்காட்சியின் நிறத்தைக் கூட்டினேன். மாப்பிள்ளை கத்தரிக்காய் ஆனார். குறைத்தேன். ஐயர் ஆவி ஆனார். பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். அந்தக் காலத்து ரீவிக்குச் சரிவந்த மருந்து, இதற்கு அவமரியாதை.

பிறகுதான் புத்தி வந்தது. அந்த வீடியோ எச்.டி.ஆர். என்ற முறையில் எடுத்தது. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையில் சாதாரணப் படத்தை விட நிறையப் படிகள் அதில் உண்டு. அனுப்புகிற கணினிக்கும் வாங்குகிற தொலைக்காட்சிக்கும் அந்த முறை விளங்க வேண்டும். ஒன்றுக்கு விளங்காவிட்டாலும் எல்லாம் சாம்பல்தான். கணினியில் அதை இயக்கப் பார்த்தேன், மறுத்தது. ஏன் மறுத்தது? தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள், நான் வயர் செருகிய துளைக்கு அந்த அனுமதி கொடுபடவில்லை. கொடுத்தேன். மடிக்கணினித் திரையிலும் படம், தொலைக்காட்சியிலும் படம் என்று இரட்டையாய் ஓடவிட்டிருந்தேன். மடிக்கணினியின் சின்னத் திரைக்கு அந்த வித்தை தெரியாது. தொலைக்காட்சி மட்டும் என்று மாற்றினேன். இயக்கினேன். மூலையில் எச்.டி.ஆர். என்ற அடையாளம் மின்னியது!

கைதட்டாதீர்கள். இன்னும் இருக்கிறது. நிறம் வந்தது, வெளிச்சம் வரவில்லை. திருவிழா நடுவில் கரண்ட் நின்றது போல, எல்லாம் இருட்டுக்குள் இருந்தன. "இப்ப இன்னும் மோசம்" என்றார் பாலேஸ்வரி அக்கா, ஆறுதலாக.

பத்மாசினி அக்கா ரிமோட்டை எடுத்துக்கொண்டு பெட்டியை முட்டுகிற தூரத்துக்குப் போய்ப் பொத்தானை அமத்தினார்.

"ஏனக்கா அவ்வளவு கிட்டப் போறியள்?"

"கிட்டப் போனால்தான் உதுக்குக் கேக்கும், தம்பி."

குனிந்து பார்த்தேன். பெட்டியின் கீழ்விளிம்பில், நட்டநடுவில், திரண்டு காய்ந்த சந்தனப் பொட்டு! சரஸ்வதி பூசைக்குச் சரஸ்வதி பூசை பழைய பொட்டின் மேலேயே புதுப்பொட்டு. பொட்டு வைத்த அந்த இடத்தில்தான் தொலைக்காட்சியின் கண் இருந்தது. ரிமோட்டின் கட்டளையைக் கேட்பதும் அங்கே. அறையில் எவ்வளவு வெளிச்சம் என்று அளப்பதும் அங்கே. கண்ணை மூடியதால், நட்டநடுப் பகலை நடுச்சாமம் என்று நம்பித் தன் விளக்கைத் தாழ்த்திக்கொண்டது அந்த அப்பாவிப் பெட்டி.

"அக்கா, உந்தப் பொட்டை அழிச்சு விடுங்கோ" என்றேன்.

அக்கா ரிமோட்டை மேசையில் வைத்தார். "என்ன கதை கதைக்கிறாய்? என்ரை பிள்ளை மணவறையிலை இருக்கிறாள். இந்த நேரத்திலை என்னைப் பொட்டு அழிக்கச் சொல்லுறியோ?"

தாய்மார்களே, அந்தச் சொல்லின் பாரம் உங்களுக்குத் தெரியும். அப்போது வாசற்படியில் இருந்து, ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு, முருகேசு அண்ணை உள்ளே வந்தார்.

"அழிக்க வேண்டாம், சம்பந்தியம்மா. இடத்தை மாத்தி வையுங்கோ."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். செம்பில் தண்ணீர் எடுத்தார். சந்தனத்தைத் தொட்டு நனைத்து, இளக்கி, ஒரு துளியும் சிந்தாமல் விரலில் வழித்து, பெட்டியின் மேல்மூலையில் வைத்தார்.

ஒளி எழுந்தது! மணவறை எழுந்தது! மாலையின் பூ பூவாய், குங்குமம் குங்குமமாய், கூறை கொழுந்துவிட்ட அரக்குச் சிவப்பாய் எழுந்தது! தனுஷிகா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தாயின் அதே தெத்திப்பல்.

முருகேசு அண்ணை, நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லவில்லை. அக்காவும் மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லவில்லை. "சம்பந்தியார், இருங்கோ. தேத்தண்ணி ஆறுது" என்றார். அவர் இருந்தார். வீடியோவை முதலில் இருந்து போடச் சொன்னார்கள்.

சபையோரே! அங்கே சிவப்பு சிவப்பாகவே புறப்பட்டது. கடல் கடந்தும் குறையவில்லை. எங்கே குறைந்தது? நான் திறக்காத துளையில் குறைந்தது. அன்பாய் வைத்த பொட்டில் குறைந்தது. தூரத்தில் இருக்கும் பிள்ளை ஒரு நாள் தொலைபேசியில் சுருக்கமாய்க் கதைத்தால், மாறிவிட்டான் என்கிறோம், மங்கிவிட்டாள் என்கிறோம். மங்கியது அவர்களா? வாங்கிக்கொள்ளும் எங்கள் பக்கத்தை ஒரு தடவை குனிந்து பார்த்தோமா? அந்தப் பிள்ளைகள் எங்களிடமிருந்து அழிந்து போகவில்லை, ஐயா. இடம் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான்!

இனித் துணியை விலக்கலாம். தலைவர் ஐயா, சந்தனக் கிண்ணத்தோடு நடுவுக்குப் போகாதீர்கள், நில்லுங்கள்! முருகேசு அண்ணை, கிண்ணத்தை நீங்கள் பிடியுங்கள். பத்மாசினி அக்கா, மேடைக்கு வாருங்கள். மேல்மூலை, அக்கா, மேல்மூலை.

பொறுத்திருந்த உங்களுக்கும், ஆறிப்போன வடைக்கும் என் நன்றி. வணக்கம்.