பதினோரு தட்டு

கல் விழுகிறது. ஓட்டின் மேல் ஒன்று. சடக். பிறகு இரண்டு. நான் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ரோட்டில் புழுதி. தெற்கே நகரிப் பக்கமிருந்து ஒரு கூட்டம். வடக்கே புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு கூட்டம். நடுவில் எங்கள் வேதக்கோயில்.

"ஓடுங்க! ஏரிப் பக்கம் ஓடுங்க! வந்துக்கினு கீறாங்க!"

கத்துகிறேன். எங்கள் தெரு வயலுக்கு அந்தப் பக்கம். அங்கே கேட்காது. அதனால் மணி அடிக்கிறேன்.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

எங்களிடம் மூன்று விதமான மணிதான் உண்டு. ஜெபத்துக்கு விடாமல் அடிப்பது. கல்யாணத்துக்கு இரட்டை இரட்டையாக அடிப்பது. சாவுக்கு நிறுத்தி நிறுத்தி அடிப்பது. ஓடிப்போ என்று சொல்ல ஒரு மணி கிடையாது. யாரும் அதை யோசித்ததில்லை. நான் விடாமல் அடித்தேன். லெந்து என்கிற நோன்புக் காலம். வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு ஜெபம் உண்டு. இன்றைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். முக்காடு போட்டுக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வரப்பு மேல் வரிசையாக நடந்து வந்தார்கள். கல் விழுகிற இடத்துக்கே வந்தார்கள்.

என் பேர் சாமுவேல். மணி அடிப்பேன், குழி வெட்டுவேன். எழுதப் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். மணி அடிக்கிறவனுக்கு அது தானாக வந்துவிடும். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள்.

இதை யாரும் யுத்தம் என்று சொல்லவில்லை. பட்டாளம் வரவில்லை. ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லை மட்டும் தீராமல் கிடந்த காலம். எங்கள் தாலுகா மெட்ராஸோடு சேரவேண்டும் என்று ஒரு கூட்டம். ஆந்திராவிலேயே இருக்கவேண்டும் என்று ஒரு கூட்டம். நேற்று வரை ஒரே சந்தையில் மாடு பிடித்தவர்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு எந்தப் பக்கமும் நிலம் இல்லை.

அன்று காலையைச் சொல்லாமல் மத்தியானத்தைச் சொல்ல முடியாது.

தினமும் விடிகிற நேரத்தில் தியானம் நடக்கும். எங்கள் உபதேசியார், அதாவது கோயிலில் வேதம் வாசித்து ஜெபம் நடத்துகிறவர், ஒரு பகுதியை முதலில் தமிழில் வாசிப்பார். பிறகு தெலுங்கில் சொல்வார். கடைசியில் யாராவது ஒருவரைக் கைகாட்டி ஒரு கேள்வி கேட்பார். அன்றே பதில் சொல்லக்கூடாது. அந்தக் கேள்வியோடு ஒரு பகல் வாழவேண்டும். மறுநாள் காலையில் எல்லார் முன்னாலும் பதில். அதுதான் எங்கள் வழக்கம்.

அன்றைக்குப் பேதுருவின் கதை. ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போனபோது அவன் முற்றத்தில் குளிர்காய்கிறான். நீயும் அவரோடு இருந்தவன்தான், உன் பேச்சே காட்டிக்கொடுக்கிறது என்கிறார்கள். அவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொல்கிறான்.

எஸ்தர் சிரித்துவிட்டாள். எஸ்தர் தெலுங்குக்காரி. காளஹஸ்தியிலிருந்து வாழ வந்தவள். புருஷன் இல்லை. ரோட்டோரம் கூடையில் வேர்க்கடலை விற்பாள். கையில் எப்போதும் ஒரு தகர ஆழாக்கு இருக்கும். அளப்பதற்கும் அதுதான். கூடையைத் தட்டி ஆள் கூப்பிடுவதற்கும் அதுதான். எங்களோடு தமிழிலேயே பேசுவாள். தெலுங்கில் ஜெபம் மட்டும் முணுமுணுப்பாள்.

"இன்னாம்மா சிரிப்பு?" என்றார் உபதேசியார்.

"இல்லைங்கய்யா, என்னைக்கூட பேச்சை வெச்சே புடிச்சிடுவாங்க. இத்தினி வருசமாச்சி, இன்னும் என் தமிழைக் கேட்டு சாமேலு பொண்டாட்டி வாயைப் பொத்திக்கினு சிரிக்கிறா."

"நீ கடலை அளக்கிறதைப் பாத்து சிரிக்கிறா, எஸ்தரு," என்றேன். "ஆழாக்குல பாதி உன் கட்டைவிரல்தானே கீது?"

"அடிக்கிற மணியில பாதி தப்பு. நீ பேசு!"

எல்லாரும் சிரித்தார்கள். உபதேசியாரும் சிரித்தார். பிறகு என்னைக் கைகாட்டினார்.

"சாமேலு. உனக்குத்தான். இன்னிக்கு நீ யாரைத் தெரியாதுன்னு சொல்லப் போற? யோசிச்சிக்கினு நாளைக்கு வந்து சொல்லு."

யாரையும் சொல்லமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு போய்க் கூழ் குடித்தேன்.

இப்போது மத்தியானம். மணி மூன்றுக்கு மேல். வரப்பில் வந்தவர்கள் எல்லாரும் உள்ளே. என் மனைவி சாராள் உள்ளே. அவள் மடியில் எங்கள் கைக்குழந்தை. நான் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து கதவைச் சாத்தினேன். குறுக்கே தாழ்க்கட்டையைப் போட்டேன். வெளியே இரண்டு கூட்டமும் மோதுகிறது. ஒரே இரைச்சல். ஜன்னல் ஓட்டை வழியாக ஒரு கல் வந்து விளக்கில் பட்டது. கிளீங். எண்ணெய் கொட்டியது. பிள்ளைகள் வீறிடுகின்றன.

கதவைத் தட்டுகிறார்கள்.

"தலுப்பு தீயண்டய்யா! தீயண்டி! சச்சிப்போத்தானு!"

கதவைத் திறங்க, செத்துப்போவேன் என்று. பெண் குரல். கீச்சென்று கிழிந்த குரல்.

என் பின்னால் அருளப்பன். வண்டி ஓட்டுகிறவர். பெரிய ஆள்.

"தொறக்காதே! கூட்டம் உள்ள பூந்துடும்! தெலுங்குல கத்துறாங்க, காதுல விழல? பொம்பளையை முன்னால வுட்டுத் தொறக்க வெப்பானுங்க!"

தட்டுகிறார்கள்.

"யார்ரா அது சாமேலு? தெரிஞ்ச கொரலா?"

"தெரியல," என்றேன்.

தட்டுகிறார்கள். என் இரண்டு கையும் தாழ்க்கட்டை மேல். சாராள் என்னைப் பார்க்கிறாள். குழந்தையைப் பார்க்கிறாள். உபதேசியார் முன்வரிசையில் பிள்ளைகள் மேல் கவிழ்ந்து கிடக்கிறார். தட்டு நிற்கிறது. எண்ணிவிட்டேன். பதினொன்று.

நகரியிலிருந்து போலீஸ் லாரி வந்தது. விசில் சத்தம். ஓடுகிற கால் சத்தம். பிறகு சத்தமே இல்லை. கட்டையை எடுத்தேன். கதவு தானாக உள்ளே வந்தது. அவள் அதன் மேல் சாய்ந்திருந்தாள்.

எஸ்தர். தலையில் இடது பக்கம் அடி. தேங்காய் அளவு கல் படியில் கிடந்தது. படியெல்லாம் வேர்க்கடலை. மணி கேட்டால் கூடையைக் கட்டிக்கொண்டு வருவாள். கூடை கட்டுவதால் எப்போதும் கடைசியாகத்தான் வருவாள். அன்றும் கடைசியாக வந்திருக்கிறாள். பயத்தில் அவளுக்குத் தமிழ் வரவில்லை. தாய் பாஷைதான் வந்தது.

மூச்சு இருந்தது. அருளப்பன்தான் வண்டி கட்டினார். மாட்டை அடித்து அடித்து ஓட்டினார். அழுதுகொண்டே ஓட்டினார். புத்தூர் ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

திரும்பி வருகிற வழியில் ஒருவர் வண்டியை நிறுத்தினார். வெள்ளை வேட்டி. எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாது. பாயை விலக்கிப் பார்த்தார். "செத்தது தமிழா, தெலுங்கா?" என்று கேட்டார். அருளப்பன் பாயை இழுத்து மூடினார். "சொன்னாதானே பேப்பர்ல போட முடியும்," என்றார்.

மறுநாள் அடக்கம் பத்து மணிக்கு. குழி நான்தான் வெட்டினேன். அதற்கு முன்னால், விடிந்ததும், உபதேசியார் வழக்கம்போல் தியானம் வைத்தார். வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. எஸ்தர் நடுவில் பாயில் கிடக்கிறாள். வாசிக்கிறார். தமிழில். தெலுங்கில். பிறகு என்னைப் பார்த்தார். என் முறை.

"நேத்து யாரைத் தெரியாதுன்னு சொன்னே, சாமேலு?"

"யாரையும் சொல்லலை, ஐயா."

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். தான்தான் திறக்க விடவில்லை என்று சாகிற வரை சொல்லிச் சொல்லி அழுதார். நான் அவரை அழ விட்டேன்.

அடக்கம் முடிந்ததும் உபதேசியார் அந்தத் தாழ்க்கட்டையை வெட்டி அடுப்பில் வைத்தார். இன்று வரை எங்கள் கோயில் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆடு மாடு உள்ளே வந்து படுக்கும். நான் விரட்டுவதில்லை.

இப்போது கணக்கு.

ஓடு உடைந்தது பதினேழு. ஜன்னல் ஒன்று. விளக்கு ஒன்று. வேர்க்கடலை ஒரு கூடை. உள்ளே இருந்தவர்கள் இருபத்தாறு பேர். எல்லாரும் பிழைத்தோம். வெளியே ஒருத்தி. பிறகு எல்லை போட்டார்கள். கோடு எங்கள் ஊருக்குத் தெற்கே போனது. அவள் குழி ஆந்திராவில் இருக்கிறது. மெட்ராஸ் பக்கம் இருந்திருந்தாலும் ஆழம் அதேதான்.

தட்டு பதினொன்று. முதல் இரண்டும் கல் என்று நினைத்தேன். மூன்றாவதில் தெரிந்துவிட்டது. அது கை இல்லை, கல் இல்லை. தகரம். அவள் ஆழாக்கு.

மீதி எட்டையும் நான் நின்று கேட்டேன்.