ராங்கியின் கால் வளையம்

இல்ல சார், ஃபைல் முழுசையும் யாரு கேட்டா? ஒரே ஒரு வரி. பதினாலாம் நம்பர் காத்தாலை அடியில, போன மாசம் மூணாந்தேதி, செத்துக் கிடந்த கழுகு ஒண்ணு, கால்ல வளையம். அதை மட்டும் அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிடுங்க. கம்பெனி பேருகூட வேணாம்.

தெரியும் சார். நம்ம கணக்கெடுப்பு வேலையில சேரும்போது நானும்தானே கையெழுத்துப் போட்டேன். காத்தாலை இறக்கையில அடிபட்டு விழுறதை எண்ணணும், பொறுக்கி ஃப்ரீசர்ல வைக்கணும், வெளிய வாயைத் திறக்கக் கூடாது. அஞ்சு வருஷமா அப்படித்தானே இருக்கேன். வௌவாலும் குருவியுமா எத்தனை பொறுக்கியிருப்பேன், ஒரு நாளாவது உங்க முன்னாடி இப்படி வந்து நின்னிருக்கேனா?

இது வேற சார். அந்த ஆராய்ச்சி நிலையத்துல இருக்காங்களே ஒரு அம்மா, அது குஞ்சா இருக்கும்போதே வளையம் மாட்டுனவங்க. முதுகுல கருவி கட்டி ஒன்பது வருஷமா அது போற இடமெல்லாம் பார்த்துக்கிட்டிருந்தவங்க. ராங்கின்னு பேரு வேற. யாரையும் மதிக்காதாம். சிக்னல் நின்னு முப்பத்தாறு நாளாச்சு. கருவிதான் பழுதாப் போயிருக்கும்னு நம்பிக்கிட்டு ஒவ்வொரு மலையா ஏறி இறங்குறாங்க. கால் ரெண்டும் வீங்கிப்போச்சு.

எல்லாக் கணக்கையும் சேர்த்து ரெண்டு வருஷத்துல அறிக்கை வருமா? நல்லா இருக்கு சார். அதுவரைக்கும் நடக்கட்டுமா?

நானே சொல்லிடலாம்தான். வேலை போனா போகட்டும். ஆனா விஷயம் வெளிய போச்சுன்னா, காத்தாலைக் கம்பெனி ஒண்ணுகூட இனிமே நம்மளைக் கணக்கெடுக்க விடாதுன்னு நீங்கதானே சொல்றீங்க. அப்புறம் எது எங்க செத்துச்சுன்னு யாருக்குமே தெரியாது. அதுக்கு அந்தம்மாவே சம்மதிக்க மாட்டாங்க.

எனக்கு எப்படித் தெரியுமா? தெரியும் சார், விடுங்க.

சரி, முடியாதுன்னா முடியாது. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு மட்டும் குடுங்க. மேற்கு மலை ஒண்ணுதான் பாக்கியாம், கூட வாங்கன்னு கூப்பிடுறா. தரையில கிடக்குறது உங்க கண்ணுக்குத்தான் தப்பாதுன்னு சொல்லி, பைனாகுலரைத் துடைச்சு என் பையிலயே வெச்சுட்டா. நீங்க எண்ணுனதுல இது வந்துச்சான்னு இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல சார். கேட்டா நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும்னு அவளுக்குத் தெரியும்.

பொண்டாட்டி கூப்பிடும்போது வரமாட்டேன்னு எப்படிச் சொல்றது? நானும் கூடப் போய்த் தேடிட்டு வரேன்.