தெரியாதவர்களுக்கு ஒரு வீடு

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் வயதான ஓர் அம்மாளும் அவருடைய தம்பியும் இருந்தார்கள்.

“எனக்கப்புறம் என் வீட்ல யாருனே தெரியாதவங்க வந்து படுக்கணும்டா. உயில்ல அப்படித்தான் எழுதியிருக்கேன்,” என்றார் அக்கா.

“இன்னாக்கா சொல்ற?”

“ஒங்க மாமாவ வெளியூர் ஆஸ்பத்திரில சேத்தப்ப, நான் ரோட்டோரத்துலதான படுத்தேன்? இங்க நம்ம வீட்டுக்கு எதிர்லயே ஆஸ்பத்திரி. நோயாளி கூட வர்றவங்க தங்கட்டும்.”

“அப்ப என் பையனுக்கு?”

“அவனுக்குத்தான் ஒன் வீடு இருக்கே.”

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். திருவண்ணாமலை நெருங்கும்போது அவரே கேட்டார்.

“பாத்ரூம் ஒண்ணுதானக்கா இருக்கு? அத்தன பேருக்கு எப்படிப் பத்தும்? இன்னொண்ணு நான் கட்டித் தரேன்.”