இயந்திரம் படிக்காத வரி

அவைக்கு அணிசெய்யும் தலைவர், பொறியியலாளர் நவரட்ணராஜா அவர்களே! அறிவால் மூத்த ஆன்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அன்னையர்களே! கண்டி நகர்க் கணினிக் கழகத்தின் கண்மணிகளே! யாவருக்கும் என் வணக்கம்.

ஒரு தீர்மானத்தை முன்மொழியவே என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். "கழக உறுப்பினர் எழுதும் அமைவுக் கோப்புகளில் இனித் தமிழில் குறிப்பு எழுதலாகாது." காரணம், போர் நடக்கும் நாட்டு நிலைமை; தமிழ் எழுத்தைக் கண்டாலே சந்தேகம். அமைவுக் கோப்பு எது? இயந்திரம் எப்போது ஓடவேண்டும், எப்போது ஓயவேண்டும் என்று நாம் எழுதிக்கொடுக்கும் ஏவல். அதன் இலக்கணமோ எளிமை! இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு, நடுவே மேலும் கீழுமாய் இரண்டு புள்ளி. எது எதற்குள் அடக்கம் என்பதை வரியின் முன்னே விடும் வெற்றிடம் சொல்லும். ஹேஷ் குறியோடு தொடங்கும் வரியை இயந்திரம் படிக்காது. அதுதான் குறிப்பு, மனிதருக்கு மனிதர் எழுதுவது.

என்ன, செல்லப்பா? "கதைக்கு வாங்கோ மாஸ்டர்" என்கிறீரா? வாறன் ஐயா, வாறன்! கொட்டாவியைக் கொஞ்சம் அடக்கும்.

நம் உறுப்பினர் இராஜகுமாரி, மடுல்கெல்லயில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொழுந்து வாட்டும் விசிறிகளை ஓட்டும் கோப்பு எழுதினார். பெயர்களெல்லாம் ஆங்கிலம். ஹேஷ் வரி மட்டும் தமிழ், ஏனென்றால் விசிறிகளைப் பார்க்கும் சின்னமுத்துவுக்கு ஆங்கிலம் ஓடாது. கோப்பை அச்சடித்த தாளோடு பஸ்ஸில் போனவரை, வத்தேகம வீதிச் சோதனைச்சாவடியில் இறக்கினார்கள்.

பொலிஸ்காரர் வாசித்தார். விசிறி, தொடக்கம், முடிவு எல்லாம் புரிந்தன. ஹேஷ் வரியில் விரல் வைத்து, "இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். இராஜகுமாரி என்ன சொன்னார் தெரியுமா? நம்மில் எவரும் சொல்லக்கூடிய பதில்தான்! "அது ஒண்ணுமில்ல சேர், மெஷின் அதைப் படிக்காது."

வந்தது வினை! மெஷின் படிக்காததை ஏன் எழுதினாய்? யாருக்கு எழுதினாய்? ஜீப்பில் ஏறு!

பஸ் நிறையத் தமிழ் தெரிந்தவர்கள். வாய் திறந்தவர் எவர்? அலவத்துகொட ஆசிரியை றம்லத் ஒருவரே! "பயப்படாதீங்க தங்கச்சி, நான் சொல்றேன்" என்று இறங்கி, வரியைச் சிங்களத்தில் சொன்னார்: "சின்னமுத்து அண்ணே, மழை நாளில் நேரத்தை மட்டும் கூட்டுங்க. முன்னாலுள்ள வெற்றிடத்தைத் தொட்டா விசிறி ஓடாது."

விட்டுவிட்டார்கள். தாளை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கை தட்டாதீர்கள், கதை முடியவில்லை. தொழிற்சாலையில் இராஜகுமாரி நினைவிலிருந்து மறுபடி தட்டெழுதினார். எல்லாம் எழுதினார். ஹேஷ் வரியை எழுதவில்லை. இயந்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை, விசிறிகள் ஓடின. அடுத்த மழையில் சின்னமுத்து நேரத்தைக் கூட்டினார், கூடவே வெற்றிடத்தையும் அழித்துவிட்டார். கோப்புக் குழம்பியது, விசிறி நின்றது, கொழுந்து பழுதானது. ஒரு கிழமை, ஏழு நாளும், அவரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

பொலிஸ்காரர் அந்த வரியை அழிக்கச் சொன்னாரா? இல்லை. சட்டம் சொன்னதா? இல்லை. அழித்தது அச்சம், அன்பர்களே, அச்சம்! இன்று அந்த அச்சத்தைத்தான் தீர்மானமாக எழுதி, முன்மொழியச் சொல்லி என் கையில் தந்திருக்கிறீர்கள்.

உங்களைக் கோழைகள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்கள், பயப்படத்தான் செய்வீர்கள். எனக்கும் பயம் உண்டு. நேற்று இராஜகுமாரியிடம் கேட்டேன்: "இனி எழுதுவியா பிள்ளை?" அவர் சொன்னார்: "சின்னமுத்து அண்ணன் வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டேன் சேர். அன்னைக்கே திரும்ப எழுதிட்டேன். கை நடுங்குச்சு."

நடுங்கிய கையோடு ஒரு பெண் எழுதிய வரியை, நடுங்காத கையை உயர்த்தி நாம் அழிப்பதா? தலைவர் அவர்களே, இதை நான் முன்மொழிய மாட்டேன். வேண்டுமானால் வேறொருவரைக் கூப்பிடுங்கள். இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்களுக்கு நன்றி. போய் வருகிறேன், வணக்கம்.