ரெண்டு நாள் ஆட்டத்துக்குக் கூலி கிடையாது

அன்னத்தாய்: ஏலே சுருளி, பத்துப் பைசா கூடவா குடுக்கல?

சுருளிராஜன்: குடுக்க மாட்டாகக்கா. கோல்ஃப் நாலு நாள் ஆட்டம். ரெண்டு நாள் முடிஞ்சதும் ஒரு கோடு போட்டு, பின்தங்குனவுகள வீட்டுக்கு அனுப்பிருவாக. அதுக்குப் பேரு கட்டு.

அன்னத்தாய்: கட்டாவது மட்டையாவது! ரெண்டு நாளும் வெயில்ல காஞ்சேல்ல?

சுருளிராஜன்: காஞ்சேன்...

அன்னத்தாய்: எங்க வடுகபட்டி மண்டியில அரை நாள் பூண்டு ஆஞ்சாலும் அரை நாள் கூலி உண்டுடா. பெங்களூருல அம்புட்டுப் பெரிய புல்லுத் தோட்டம் வச்சிருக்காக, நாயம் தெரியாதா?

சுருளிராஜன்: பரிசுப் பணமெல்லாம் மிச்ச ரெண்டு நாளும் ஆடுறவுகளுக்குத்தேன்.

அன்னத்தாய்: பஸ்ஸு, ரூம்பு, சோறு?

சுருளிராஜன்: எங்காசு. அதாவது... ஒங்காசு.

அன்னத்தாய்: ஒம் மட்டைப் பை தூக்குனவருக்கு?

சுருளிராஜன்: அதுவும் நாந்தேன் குடுத்தேன். கொடைக்கானல்ல நானே பை தூக்குனவந்தானக்கா. வெறுங்கையோட அனுப்ப மனசு வருமா?

அன்னத்தாய்: தூக்குனவருக்குக் கூலி உண்டு, ஆடுனவனுக்கு இல்ல! ஊருக்குள்ள காசுக்கு ஆடுறவன்னு பேரு வேற. பேர வச்சு நாக்கு வழிக்கவா?

சுருளிராஜன்: கத்தாதக்கா... ஆமா, இன்னைக்கு ஞாயித்துக்கெழம, சந்தை நாளு. நீ மண்டிக்குப் போகல?

அன்னத்தாய்: தலவலி. பேச்ச மாத்தாத. எம்புட்டுல தவறுச்சு?

சுருளிராஜன்: ஒத்த அடி கூடிப்போச்சு. கொறச்ச அடியில முடிச்சவுகதேன் இதுல முந்துவாக.

அன்னத்தாய்: அய்யோ... ஒத்த அடியா!

சுருளிராஜன்: அதையும் நான் அடிக்கல. புல்லுக்குள்ள பந்து கெடந்துச்சு. மட்டைய வைக்கையில லேசா அசஞ்சிருச்சு. அசஞ்சா ஒரு அடி கூடச் சேத்துக்கிறணும்.

அன்னத்தாய்: எவன் பாத்தான்?

சுருளிராஜன்: ஒருத்தரும் பாக்கல. நானா சொன்னேன்.

அன்னத்தாய்: அட கூறுகெட்டவனே! ஒருத்தரும் பாக்கலேன்னா வாயப் பொத்திக்கிட்டு அடுத்ததை அடிக்க வேண்டியதுதான? பெரிய அரிச்சந்திரன் பேரன்!

சுருளிராஜன்: இந்த ஆட்டத்துல அப்படித்தேன்க்கா. அவனவன் தப்ப அவனவனே சொல்லணும்.

அன்னத்தாய்: சொல்லி என்னத்தக் கண்ட? நடுத்தெருவுல நிக்கிற!

சுருளிராஜன்: அடுத்த மாசம் கல்கத்தாவுல ஒரு ஆட்டம் இருக்கு. அதுல விட்டதப் பிடிச்சிருவேன். மண்டிக்காரருகிட்ட அட்வான்ஸ் கேக்குறேன்னியே... கேட்டியா?

அன்னத்தாய்: அத விடு இப்ப.

சுருளிராஜன்: அக்கா?

அன்னத்தாய்: கேக்கல.

சுருளிராஜன்: ஏன்? காய்ச்சல் அடிச்சாக்கூட சந்தை நாள்ல நீ வீட்டுல இருக்க மாட்டியே. என்ன ஆச்சு? எம் மேல சத்தியமாச் சொல்லு.

அன்னத்தாய்: வியாழக்கெழம மலையிலருந்து ஒரு சம்சாரி தன் காட்டுல வெளஞ்ச பூண்டு கொண்டாந்தாருடா. எடைக்கல்லு வைக்கிற தட்டுக்கு அடியில இரும்புத் துண்ட ஒட்டி வச்சு எடையக் கொறச்சு நிறுத்தான் மண்டிக்காரன். ஒருத்தரும் பாக்கல... நாந்தேன் அந்தச் சம்சாரிகிட்ட சொல்லித் தொலச்சேன். அந்த வாரம் ஆஞ்சதுக்குக் கூலியும் கெடையாது, வெளிய போடின்னுட்டான்!